சாணியில வளந்த உடம்புக்கு டிடி ஊசி எதுக்கு?

கேள்வி: வணக்கம்ங்க டாக்டர். எங்களுக்கு கோத்தகிரி பக்கம், கொஞ்சம் டீ, கொஞ்சம் கேரட்டு. ஒன்றரை மாசம் முன்னாடி எரு இறக்கும்போது எங்க அப்பாவுக்கு உள்ளங்கால்ல பழைய கம்பி ஒண்ணு ஆழமா ஏறிடுச்சு. அவருக்கு 63 வயசு. டிடி ஊசி போட வாங்கன்னா "சாணியிலயும் மண்ணுலயும் பொறந்து வளந்த உடம்பு, ஒண்ணும் ஆகாது போ"ன்னுட்டு டீத்தூள வச்சு கட்டிகிட்டாரு. ஒண்ணும் ஆகவும் இல்லைங்க. என் தம்பி இதுக்கு நேர்மாறு. கவாத்து கத்தி லேசா கீறுனாலே ஓடிப்போய் ஊசி போட்டுக்குவான், ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு வச்சிருக்கான். போன தடவ தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் வீங்கி ரெண்டு நாள் கையத் தூக்கவே முடியல. இவங்க ரெண்டு பேர்ல யாருங்க சரி? எதிர்ப்பு சக்தி ஏத்தற கஷாயம், மாத்திரை ஏதாவது தொடர்ந்து குடுத்தா இந்த ஊசியே வேணாம்தானே? அம்மை மாதிரி ஒருதரம் வந்து போனா மறுபடி வராதா? தம்பி சம்சாரம் ஆறு மாசம், அவளுக்கும் போடச் சொல்றாங்க, போடலாங்களா?

பதில்: ரெண்டு பேருமே சரியில்லம்மா. அப்பாவுக்கு ஊசி வேணும், தம்பிக்கு இப்போதைக்கு வேணாம், தம்பி சம்சாரத்துக்கு கட்டாயம் வேணும். அவசரத்துக்கு இது போதும், ஆனா உங்க அப்பா மாதிரி ஆளுங்ககிட்ட போய் "டாக்டர் சொல்லிட்டாரு"ன்னு சொன்னா வேலைக்கு ஆகாது, ஏன்னு கேப்பாரு. கேக்கறதும் நியாயம்தான். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், நிதானமா அவருக்கு படிச்சுக் காட்டுங்க.

முதல்ல துரு. கம்பி துருப்பிடிச்சிருந்ததாலதான் பயம்னு எல்லாரும் நெனைக்கறாங்க, துருவுக்கும் டெட்டனஸுக்கும் (ரண ஜன்னி, டிடி ஊசி தடுக்கற நோய் அதுதான்) சம்பந்தமே இல்ல. டெட்டனஸ் கிருமி மண்ணுல, சாணியில, மாடு குதிரை மாதிரி பிராணிங்க குடல்ல இருக்கறது. அது ஸ்போர்னு சொல்ற விதை மாதிரியான ரூபத்துல வருஷக்கணக்கா மண்ணுல கெடக்கும், வெயிலு பனி ஒண்ணும் பண்ணாது, கொஞ்ச நேரம் கொதிக்க வச்சாலும் சாகாது. காத்து பட்டா முளைக்காது, காத்தே போகாத எடம் கெடச்சா முளைக்கும். கம்பி ஏறின உள்ளங்கால் அதுக்கு ரொம்ப தோதான எடம், ஏன்னா மேல தோல் சீக்கிரம் மூடிக்கும், உள்ள ஆழத்துல செத்த சதையும் மண்ணும் அப்படியே தங்கிடும். பளபளன்னு புது ஆணி குத்தினாலும் அதுல எரு ஒட்டியிருந்தா அதே ஆபத்துதான். உங்க அப்பாவுக்கு ஏறினது எரு இறக்கற எடத்துல, அதுக்கு மேல டீத்தூள வச்சு காத்து போகாம கட்டியும் விட்டிருக்காரு. ஒண்ணும் ஆகலன்னா அந்தக் கம்பியில அன்னைக்கு ஸ்போர் இல்ல, இல்லாட்டி இருந்தும் முளைக்கல, அவ்வளவுதான். இது பெரும்பாலும் 3 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள வெளிய தெரிஞ்சிடும், ஒன்றரை மாசம் ஆச்சுன்னா இந்தக் காயத்தால பயம் கிட்டத்தட்ட இல்லன்னு சொல்லலாம். ஆனா அதை அவரு உடம்பு ஜெயிச்சதா எடுத்துக்கக்கூடாது, அடுத்த காயத்துக்கு அவருகிட்ட இன்னும் ஒண்ணுமே இல்ல.

இனிமேதான் முக்கியமான விஷயம். டெட்டனஸ் கிருமி நம்ம உடம்பு பூரா பரவற கிருமி இல்ல, காயத்துல இருக்கற எடத்துலயே இருக்கும், பல பேருக்கு அந்தக் காயம் பாத்தா காயம்னே தெரியாது, சீழ் இருக்காது, வலியும் இருக்காது. அது வெளிய விடற விஷம்தான் ஆளைக் கொல்லுது. வெள்ளை அணுக்கள் காயத்துக்கு வந்து கிருமிய முழுங்கறதெல்லாம் நடக்கும், ஆனா கிருமி நாலு செத்தாலும் அதுக்குள்ள விட்ட விஷம் போற வழியில போய்க்கிட்டே இருக்கும். எவ்வளவு விஷம் வேணும் தெரியுமா ஒரு மனுஷனுக்கு? உடம்பு எடையில கிலோவுக்கு ஏறக்குறைய 2.5 நானோகிராம்னு கணக்கு சொல்றாங்க. 60 கிலோ ஆளுக்கு 150 நானோகிராம். நாம சாப்பாட்டுல போடற தூள் உப்புல ஒரே ஒரு துகள எடுத்து அதை நானூறு பங்கு பண்ணா அதுல ஒரு பங்கு வருமே, அவ்வளவுதான்.

இந்தத் துளியூண்டு விஷம் காயத்துக்குப் பக்கத்துல இருக்கற நரம்பு நுனியப் புடிச்சுக்கிட்டு உள்ள ஏறிடும், ஏறி நரம்புக்குள்ளயே மேல போய் தண்டுவடத்துக்கு வந்துடும். நாம கைய மடக்கணும்னா ஒரு பக்கத் தசை இறுகணும், அதே நேரத்துல எதிர்ப்பக்கத் தசை தளரணும், அந்தத் தளர்ற உத்தரவக் குடுக்கறதுக்குன்னே தண்டுவடத்துல தனி நரம்புகள் இருக்கு. கிளைசின், காபான்னு ரெண்டு ரசாயனத்த வெளிய விட்டுதான் அதுங்க தசைய அடக்கும். டெட்டனஸ் விஷம் அந்த ரசாயனத்த வெளிய தள்ற புரதத்த வெட்டிப் போட்டுடும். அப்புறம் அடக்கறதுக்கு ஆள் இல்ல, இறுகற உத்தரவு மட்டும்தான். முதல்ல தாடை இறுகும், வாய் திறக்க முடியாது, சோறு முழுங்க முடியாது, கழுத்து, வயிறு, முதுகுன்னு வரிசையா இறுகும், முதுகுத் தசை பலமானதுங்கறதால ஆளே வில்லு மாதிரி பின்னாடி வளைஞ்சுடுவாங்க. நான் படிக்கும்போது இந்த வார்டுல நின்னிருக்கேன்மா. ஜன்னல் எல்லாம் மூடி இருட்டா வச்சிருப்பாங்க, யாரும் சத்தம் போட்டு பேச மாட்டாங்க, ஏன்னா வெளிய எங்கயோ ஒரு ஸ்டீல் தட்டு விழுந்தா போதும், அந்தச் சத்தத்துக்கே உடம்பு பூரா விறைச்சுக்கும், மூச்சு நிக்கும். இதுல கொடுமை என்னன்னா புத்தி தெளிவா இருக்கும், நடக்கறது அத்தனையும் அவங்களுக்குத் தெரியும்.

இந்த எடத்துல நம்ம எதிர்ப்பு சக்தி ஏன் கையக் கட்டிட்டு நிக்குதுன்னு கேட்டீங்கன்னா ரெண்டு காரணம். விஷம் நரம்புக்குள்ள போயிட்டா நம்ம ரத்தத்துல ஓடற ஆன்டிபாடியால (விஷத்தப் புடிச்சு முறிக்கற புரதம்) அங்க போக முடியாது, வெளிய சுத்தற விஷத்தத்தான் புடிக்க முடியும். அதனாலதான் டெட்டனஸ் வந்தவங்களுக்கு ஆன்டிபாடி ஊசிய உடனே போட்டாலும் ஏற்கனவே ஏறின விஷத்துக்கு அது ஒண்ணும் பண்ணாது, இனிமே ஏறப்போறதத்தான் தடுக்கும். நரம்பு தன் நுனிய புதுசா வளத்துக்கற வரைக்கும் வாரக்கணக்குல ஐசியூல வச்சு மூச்சுக் குடுத்து காப்பாத்தணும். ரெண்டாவது காரணம்தான் உங்க அம்மை கேள்விக்கு பதில். அம்மை வந்தா கிருமி கோடிக்கணக்குல பெருகும், உடம்பு அத நல்லா பாக்குது, பாத்து ஞாபகம் வச்சுக்குது, மறுபடி வந்தா அடிச்சுத் துரத்திடுது. டெட்டனஸ்ல ஆளைக் கொல்ற அளவு விஷம் உடம்புக்கு அடையாளம் தெரியற அளவ விடக் கம்மி. அதாவது உடம்பு அத கவனிக்கறதுக்கு முன்னாடியே காரியம் முடிஞ்சு போகுது. டெட்டனஸ் வந்து பொழைச்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு நாங்க ஆஸ்பத்திரியிலயே தடுப்பூசி ஆரம்பிச்சுதான் அனுப்புவோம், ஏன்னா அந்த நோயே வந்து போயும் அவங்க உடம்புல எதிர்ப்பு வந்திருக்காது, அடுத்த ஆணிக்கு மறுபடி வரலாம்.

நோயே வந்து சொல்லிக் குடுக்காத பாடத்த சாணியில வேலை செஞ்சது சொல்லிக் குடுத்திருக்கும்னு நம்பறது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு அப்பாவுக்கு இத வச்சு சொல்லுங்க. மண்ணுலயே வளந்த உடம்புக்கு சில நோய்கள்ல ஒரு பழக்கம் வரும், அது உண்மைதான், நானும் மறுக்கல. இந்த விஷத்துக்கு அது பொருந்தாது. சொல்லப்போனா தினமும் மண்ணையும் எருவையும் தொடறவருக்குத்தான் மத்தவங்கள விட ஆபத்து அதிகம்.

இன்னொண்ணு. உங்க அப்பா வயசு ஆம்பளைங்கள நான் தனியாவே தேடிப் புடிச்சு கேப்பேன். நம்ம நாட்டுல குழந்தைங்களுக்கு முத்தடுப்பு ஊசி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் மூணுக்கும் சேத்து போடறது) திட்டமா ஆரம்பிச்சது 1978ல, எல்லா மாவட்டத்துக்கும் கொண்டு போற திட்டம் 1985லதான் வந்துச்சு. அப்பா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி பொறந்தவரு, சின்ன வயசுல ஒரு டோஸ் கூட போட்டிருக்க வாய்ப்பு கம்மி. உங்க அம்மாவுக்காவது நீங்களும் தம்பியும் வயித்துல இருந்தப்ப போட்டிருப்பாங்க. அப்பாவ யாரும் கூப்பிட்டு போடவே இல்ல, அவரும் போகல. வயசான ஆம்பளைங்கதான் இதுல விட்டுப்போன கூட்டம். ஊரெல்லாம் போட்டுகிட்டா நமக்கு வராதுங்கற கணக்கும் இங்க எடுபடாது, இது ஆள்கிட்ட இருந்து ஆளுக்கு ஒட்டறதில்ல, மண்ணுல இருந்து வர்றது. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஊசி அவருக்கு மட்டும்தான்.

சரி, உடம்பு பாக்காத விஷத்த உடம்புக்கு எப்படி காட்டறது? 1890ல ஜெர்மனில பேரிங், கிட்டசாட்டோன்னு ரெண்டு பேரு (கிட்டசாட்டோ ஜப்பான்காரர், டெட்டனஸ் கிருமிய தனியாப் பிரிச்சு வளத்ததே அவர்தான்) விஷத்த கொஞ்சம் கொஞ்சமா குடுத்து பழக்கின பிராணியோட ரத்தத்துல அந்த விஷத்த முறிக்கற ஏதோ ஒண்ணு இருக்கு, அத எடுத்து வேற பிராணிக்கு போட்டா அதுவும் பொழைக்குதுன்னு காட்டினாங்க. ஆன்டிபாடிங்கற விஷயமே அங்க இருந்துதான் ஆரம்பம். முதல் உலகப்போர்ல குதிரை ரத்தத்துல இருந்து எடுத்த சீரத்த காயம்பட்ட சிப்பாய்ங்களுக்குப் போட்டு நிறைய பேரக் காப்பாத்தினாங்க, ஆனா அது கடன் வாங்கின எதிர்ப்பு, கொஞ்ச வாரத்துல கரைஞ்சிடும், குதிரைப் புரதத்தால அலர்ஜியும் வரும். 1920கள்ல பிரான்ஸ்ல காஸ்தோன் ரமோன்ங்கறவரு விஷத்த ஃபார்மலினும் சூடும் வச்சு பதப்படுத்தினா விஷத்தன்மை போயிடுது, உருவம் மட்டும் அப்படியே நிக்குதுன்னு கண்டுபிடிச்சாரு. அதுக்குப் பேரு டாக்ஸாய்டு. விஷம் போயிட்டதால கொல்ற அளவ விடப் பல மடங்கு அதிகமா தைரியமா உடம்புக்குள்ள போடலாம், இப்பதான் உடம்பு முதல்முறையா அத நின்னு பாக்குது. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவம் எல்லா சிப்பாய்க்கும் இத முன்னாடியே போட்டு வச்சிருந்தாங்க, காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 27 லட்சம் பேருக்கு மேல டெட்டனஸ் வந்தது வெறும் 12 பேருக்கு.

இதெல்லாம் எங்கயோ நடந்த கதைன்னு நெனைக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. குன்னூர்ல சிம்ஸ் பார்க் பக்கத்துல அந்தப் பழைய செவப்புக் கட்டடம், பாஸ்டர் இன்ஸ்டிடியூட், பஸ்ல போறப்ப அவரு ஆயிரம் தடவ பாத்திருப்பாரு. 1907ல வெறிநாய்க்கடிக்காக ஆரம்பிச்ச எடம் அது, பிற்பாடு முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கதான் பண்ணாங்க. நம்ம மலையில தயாரான மருந்து நாடு பூரா குழந்தைங்க தொடையில ஏறியிருக்கு, மலையிலயே இருக்கற அப்பா போட்டுக்கல. எனக்கு இது நெஜமாவே மனசுக்கு கஷ்டமா இருக்கும்மா.

ஊசிக்குள்ள என்ன நடக்குதுன்னா, டாக்ஸாய்டோட கொஞ்சம் அலுமினிய உப்பும் இருக்கும், ஊசி போட்ட எடத்துல லேசா வலிக்குதே, கனக்குதே, அதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்த உப்பு அங்க ஒரு சின்ன எரிச்சல உண்டாக்கி எதிர்ப்பு அணுக்கள அந்த எடத்துக்கு வரவழைக்குது. வந்த அணுக்கள் டாக்ஸாய்ட எடுத்துகிட்டு அக்குள்ல இருக்கற நெறிகட்டுக்குப் போகுது, அங்க பி செல், டி செல்னு சொல்ற ரெண்டு ரக எதிர்ப்பு அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு பேசி, இந்த விஷத்துக்குன்னே பொருந்தற ஆன்டிபாடி எது எதுன்னு தேடித் தேடி எடுக்குது. அந்த ஆன்டிபாடி விஷம் நரம்பப் புடிக்கற பக்கத்துல போய் ஒட்டிக்கும், ஒட்டிகிட்டா விஷத்தால நரம்பப் புடிக்க முடியாது, கதை முடிஞ்சுது. முதல் டோஸ்ல இதெல்லாம் மெதுவா நடக்கும், வாரக்கணக்கு ஆகும், வர்ற ஆன்டிபாடியும் கம்மி. ரெண்டாவது மூணாவது டோஸுக்குத்தான் அளவும் தரமும் ஏறும், ஞாபக அணுக்கள் தங்கும். மூணு டோஸ் முழுசா போட்டவருக்கு பிற்பாடு ஒரு காயத்தப்போ ஒரு டோஸ் போட்டா ஒரு வாரத்துக்குள்ள ஆன்டிபாடி சர்ருன்னு ஏறிடும், விஷம் வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அது தயாரா நிக்கும். ஒரு டோஸ் கூட போடாதவரு காயம் பட்ட அன்னைக்கு வந்து ஒண்ணு போட்டா அந்தக் காயத்துக்கு அது உதவாது, அடுத்த காயத்துக்கு அது ஆரம்பம். அதனாலதான் அந்த மாதிரி ஆளுக்கு எரு பட்ட ஆழமான காயம்னா தடுப்பூசியோட சேத்து இன்னொரு கையில இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடறது, அது வேற மனுஷங்க ரத்தத்துல இருந்து எடுத்த ரெடிமேட் ஆன்டிபாடி. அப்பாவுக்கு அன்னைக்கு அது ரெண்டும் போட்டிருக்கணும்.

இப்ப தம்பி. அவன மூணு டோஸ், பூஸ்டர், ஸ்கூல்ல போட்டதுன்னு எல்லாம் முடிச்ச ஆளுன்னு வச்சுக்கறேன், அவனுக்கு ஆறு மாசத்துக்கு ஒண்ணுங்கற கணக்கு எந்த புஸ்தகத்துலயும் இல்ல. சாதாரணமா 10 வருஷத்துக்கு ஒண்ணு. சுத்தமான சின்ன காயம்னா கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தாதான் போடணும். மண்ணு, சாணி பட்டது, ஆழமா குத்தினது, நசுங்கினது, தீக்காயம் இந்த மாதிரின்னா 5 வருஷம் தாண்டியிருந்தா போடணும். அவ்வளவுதான் சட்டம். அவன் கை வீங்கினதுக்கும் காரணம் சொல்றேன், பயப்பட ஒண்ணும் இல்ல ஆனா தெரிஞ்சுக்கணும். அடிக்கடி போட்டுப் போட்டு அவன் ரத்தத்துல இந்த டாக்ஸாய்டுக்கான ஆன்டிபாடி ஏற்கனவே நெறஞ்சு கெடக்கு. அதுக்கு மேல ஒரே எடத்துல மறுபடி டாக்ஸாய்ட ஏத்தினா ரெண்டும் அங்கயே பின்னிகிட்டு சின்னச் சின்ன கட்டியா ரத்தக்குழாய் சுவத்துல படிஞ்சிடும், அதப் பாத்து வெள்ளை அணுக்கள் கூட்டமா வந்து அங்க சண்டை போடும், அந்த வீக்கமும் சூடும் வலியும் அதுதான். ஊசி போட்ட சில மணி நேரத்துல ஆரம்பிச்சு தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் போகும், சில நாள்ல தானா வத்திடும். இதுக்குப் பேரு ஆர்தஸ் ரியாக்‌ஷன். மருந்து கெட்டுப்போச்சுன்னோ நர்ஸ் தப்பா குத்திட்டாங்கன்னோ இல்ல. இப்படி ஒருதரம் வந்தவங்க காயம் பட்டாலும் 10 வருஷத்துக்குள்ள மறுபடி போட்டுக்கக்கூடாது. அடுத்த தடவ எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் இந்த வீக்கத்தப் பத்தி அவன் முதல்லயே சொல்லணும், கடைசி ஊசி போட்ட தேதிய போன்ல ஏத்தி வச்சுக்கச் சொல்லுங்க.

தம்பிய மாதிரி ஆளுங்க இன்னொரு நம்பிக்கையும் வச்சிருப்பாங்க, டிடி போட்டாச்சு இனி செப்டிக் ஆகாதுன்னு. ஆகும். இந்த ஊசி டெட்டனஸ் விஷத்துக்கு மட்டும்தான், சீழ் புடிக்க வைக்கற கிருமிங்க வேற ஜாதி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. காயம் செவந்து சூடா வீங்கினா, சீழ் வந்தா, ஜுரம் அடிச்சா டாக்டரப் பாக்கணும், நான்தான் ஊசி போட்டுட்டேனேன்னு வீட்டுல உக்காரக்கூடாது.

கஷாயக் கேள்விக்கு வரேன். சுக்கு, மிளகு, துளசி குடிக்கறத நான் வேணாங்கல, நம்ம குளிருக்கு இதமா இருக்கும், குடிங்க. ஆனா எதிர்ப்பு சக்திய ஒட்டுமொத்தமா ஏத்தினா எல்லாத்தையும் தாங்கலாம்ங்கற பேச்சு தப்பு. பல கிருமி விஷங்கள்ல பாத்தீங்கன்னா பிரச்சனை எதிர்ப்பு கம்மியா இருக்கறது இல்ல. டெட்டனஸ்ல உடம்பு விஷத்தப் பாக்கவே இல்ல. வேற சில விஷங்கள்ல உடம்பு அளவுக்கு மீறிப் பாய்றதுதான் ஆளைக் கொல்லுது. கொப்புளம், புண்ணுல இருக்குமே ஸ்டெஃபிலோகாக்கஸ்னு ஒரு கிருமி, அதுல சில ரகம் ஒரு விஷம் விடும், சூப்பர் ஆன்டிஜென்னு பேரு. சாதாரணமா ஒரு கிருமி உள்ள வந்தா அத அடையாளம் தெரிஞ்ச டி செல் பத்தாயிரத்துல ஒண்ணு கூட இருக்காது, அந்தக் கொஞ்சம் பேருதான் முழிச்சு வேலை செய்யும். இந்த விஷம் அடையாளம் பாக்கற எடத்த விட்டுட்டு பக்கவாட்டுல போய் டி செல்லையும் இன்னொரு அணுவையும் சேத்துக் கட்டிடும், அடையாளம் தெரியுதோ இல்லையோ டி செல்லுல அஞ்சுல ஒண்ணு வரைக்கும் ஒரே நேரத்துல முழிச்சுக்கும். அத்தனையும் ரசாயனத்தக் கொட்டும், ஜுரம் ஏறும், உடம்பு செவக்கும், பிரஷர் விழும், கிட்னி வரைக்கும் போகும். விஷம் தானா ஒண்ணும் பண்ணல, நம்ம அணுக்களையே நமக்கு எதிரா ஆட விட்டுச்சு. அதே மாதிரி டைஃபாய்டு, யூரின் இன்ஃபெக்‌ஷன் உண்டாக்கற ரக கிருமிங்களோட மேல்தோல்ல எண்டோடாக்ஸின்னு ஒண்ணு இருக்கு, கிருமி உடையும்போது வெளிய வரும். நம்ம அணுக்கள்ல அத மோப்பம் புடிக்கறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கறத 1998ல கண்டுபிடிச்சாங்க, அந்த வேலைக்கு புரூஸ் பாய்ட்லருக்கு 2011ல நோபல்ல பங்கு கெடச்சுது. கொஞ்சமா மோப்பம் கெடச்சா ஜுரம் வந்து நல்லதுதான் நடக்கும், ரத்தம் பூரா கலந்துட்டா அந்த எதிர்ப்பே பிரஷர இறக்கி ஆளைச் சாய்ச்சிடும். செப்ஸிஸ்னு சொல்றது அதுதான். இங்கெல்லாம் எதிர்ப்ப இன்னும் ஏத்தி என்னம்மா பண்றது? உடம்புக்கு வேணுங்கறது இன்ன விஷம் இப்படி இருக்கும்ங்கற அடையாளம். கஷாயத்துக்கு அந்த அடையாளத்தக் குடுக்க வழியில்ல, பாட்டில்ல வர்ற விலை ஒசந்த மாத்திரைக்கும் வழியில்ல.

அப்பாவுக்கு என்ன செய்யணும்னா, இந்த வாரமே பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டு போங்க. முன்னாடி டெட்டனஸ் மட்டும் இருந்த ஊசி, இப்ப அரசு ஆஸ்பத்திரியில டெட்டனஸும் தொண்டை அடைப்பானும் சேந்ததுதான் போடறாங்க, ஜனங்க ரெண்டையும் டிடின்னுதான் சொல்றாங்க, குழப்பிக்க வேணாம். தொண்டை அடைப்பானும் விஷத்தால கொல்ற நோய்தான், தொண்டையில உக்காந்துகிட்டு இதயத்துக்கு விஷத்த அனுப்பும், அதனால சேத்துப் போடறது லாபம்தான். இன்னைக்கு ஒண்ணு, நாலு வாரம் கழிச்சு ஒண்ணு, அதுக்கப்புறம் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மூணாவது. பிறகு 10 வருஷத்துக்கு ஒண்ணு. ரெண்டோட நிறுத்திடுவாரு, கேரட் அறுவடை, டீ மட்டம்னு ஏதாவது சொல்லுவாரு, மூணாவது முடியற வரைக்கும் விடாதீங்க. அதுக்கு நடுவுல மறுபடி எரு பட்ட ஆழமான காயம் ஆச்சுன்னா "மூணு டோஸ் முடியல"ன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க இம்யூனோகுளோபுலின் வேணுமான்னு பாப்பாங்க. காயத்துக்கு மேல டீத்தூள், காப்பித்தூள், புகையிலை, சுண்ணாம்பு எதுவும் வேணாம். குழாய்த் தண்ணிய நல்லா ஓட விட்டு சோப்புப் போட்டு கழுவுங்க, உள்ள மண்ணு, கம்பித் துண்டு, செத்த சதை எதாவது தங்கியிருந்தா ஆஸ்பத்திரியில அத எடுத்து சுத்தம் பண்ணணும், ஸ்போர் முளைக்க எடமே இல்லாம பண்றது பாதி வைத்தியம். எருக் குழியிலயும் பாத்தியிலயும் வெறுங்காலோட எறங்காம கம்பூட் போட்டுக்கச் சொல்லுங்க. எப்பவாவது காயத்துக்கு அப்புறம் வாய் திறக்க கஷ்டமா இருக்கு, தாடை வலிக்குது, கழுத்து புடிச்சுகிச்சுன்னு சொன்னா பல்லு வலின்னு வீட்டுல பாத்துகிட்டு இருக்கக்கூடாது, அன்னைக்கே கெளம்பணும். வென்டிலேட்டர் இருக்கற எடத்துக்குத்தான் போகணும், மலை இறங்க வேண்டி வந்தாலும் இருட்டிடுச்சு நாளைக்கு பாக்கலாம்னு தள்ளாதீங்க.

தம்பி சம்சாரத்துக்கு தாராளமா போடுங்க, கர்ப்பத்துல இந்த ஊசி பாதுகாப்பானது. அவளுக்குப் போடறது ரெண்டு பேருக்குப் போய்ச் சேருது. அம்மா உடம்புல உண்டாகற ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியா குழந்தைக்குப் போகும், கடைசி மூணு மாசத்துல அது நிறைய போகும். பொறந்த குழந்தைக்கு சொந்தமா ஒண்ணும் இருக்காது, டெட்டனஸுக்கான முதல் தடுப்பூசி ஆறாவது வாரத்துலதான், அது வரைக்கும் அம்மா குடுத்ததுதான் கையிருப்பு. முன்னாடியெல்லாம் அழுக்கு பிளேடுல கொடி அறுத்து, தொப்புள்ல சாம்பலும் சாணியும் வச்சு, ஏழாம் நாள் எட்டாம் நாள்ல குழந்தை பால் குடிக்கறத நிறுத்திட்டு விறைச்சுப் போறது நம்ம ஊர்ல சாதாரணமா நடந்துச்சு. கர்ப்பிணிங்களுக்கு ஊசி போட்டு, ஆஸ்பத்திரி பிரசவத்த அதிகமாக்கி, 2015ல இந்தியா அத ஒழிச்ச நாடுங்கற நிலைக்கு வந்துச்சு. மண்ணுல கிருமி அப்படியேதான் இருக்கு, போடறத விட்டா திரும்ப வரும். இது அவளுக்கு முதல் பிரசவம்னா ரெண்டு டோஸ், நாலு வார இடைவெளியில. ஆறு மாசம் ஆயிடுச்சுங்கறீங்க, அதனால முதலாவத இனி தள்ளிப் போடாதீங்க, ரெண்டாவது பிரசவத்துக்கு முன்னாடியே முடியணும். போன மூணு வருஷத்துக்குள்ள வேற பிரசவம் ஆகி அப்ப ரெண்டும் போட்டிருந்தா இப்ப ஒரு பூஸ்டர் போதும். எதுவா இருந்தாலும் தாய் சேய் அட்டைய எடுத்துட்டு போங்க, நர்ஸ் பாத்து சொல்லுவாங்க. அப்பாவையும் அதே நாள் கூட்டிட்டு போயிடுங்க, பேரக்குழந்தைக்காக மருமகளுக்கு போடறாங்கன்னு பக்கத்துல நின்னு பாத்தா அவரும் கைய நீட்டுவாரு.